இல்லம் காக்கும் புவித்தொடுப்பு

அர்ச்சுனா நதியின் அணையால் பெயர்பெற்ற ஆனைக்குட்டம், சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தைச் சேர்ந்தது. மருந்து அறைக்குள் நுழையுமுன் தொழிலாளி, நிலத்தோடு இணைக்கப்பட்ட உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னைப் போக்கிக்கொள்வது இத்தொழிலின் பாதுகாப்பு முறைகளுள் ஒன்று. பணியிடத்தில் இத்துணை விழிப்புடைய நாம், இல்லத்தில் மூன்றுமுனை பிளக்கின் தடித்த முனையைப் பயனற்றதெனக் கருதலாமோ?

அம்முனையே புவித்தொடுப்புக்கு உரியது. வழக்கில் 'எர்த்' என்போம். சலவை இயந்திரத்தினுள் மின்கம்பியின் உறை சிதைந்து, கம்பி உலோக உடலைத் தொடுமாயின், கசியும் மின்சாரம் மண்ணுக்குச் செல்ல அது வழி அமைக்கிறது.

ஆயினும் குழாயொன்றை மண்ணில் புதைத்தால் போதும் என்றெண்ணுதல் பிழை. மின்னழுத்தம் 230 வோல்ட், மண்வழித் தடை 20 ஓம் எனக் கொள்வோம். பாயும் மின்னோட்டம் 11.5 ஆம்பியரே. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்குத் துண்டிக்காது, இயந்திரத்தின் உடலில் மின்சாரம் நீங்காது நிற்கும். கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடித்துக் குழாயை விட்டு விலகுங்கால் தடை மேலும் உயரும். ஆதலின் எர்த் குழிக்கு அவ்வப்போது நீரூற்றுதல் வேண்டும். அத்துடன், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிப்பொழுதிற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் மெயின் போர்டில் இடம்பெறுதல் இன்றியமையாதது.

அடுத்தது பிணைப்பு. மெயின் போர்டின் உலோகப் பெட்டி, இரும்புத் தண்ணீர்க் குழாய், வெந்நீர்க் கருவி ஆகியவற்றை ஒரே எர்த் பட்டையில் இணைத்தல் வேண்டும். இணைத்தால் அவையனைத்தும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்த நிலையில் நிற்கும். ஒரு கை குழாயிலும் மறு கை கருவியிலும் பட்டாலும் இடையே உடல்வழி மின்சாரம் பாயும் ஏது குறையும். புவித்தொடுப்புக்குரிய இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 3043, 2018ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. இப்பிணைப்பையும் அது விளக்குகிறது.

எர்த் சரியில்லாத வீடுகளில் சிலர் நியூட்ரல் கம்பியையே எர்த் முனையில் இணைத்துவிடுகின்றனர். இது பேராபத்து. தெருவிலிருந்து வரும் நியூட்ரல் அறுபட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் உடலிலும் மின்சாரம் ஏறிவிடும்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியமை நாமறிந்ததே. உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு எர்த் தடையை அளந்தறிவதும், மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் நம் இல்லத்தார்க்கு நாம் ஆற்றவேண்டிய கடமைகளாம்.