பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோரும் முன்

புதுச்சேரியில் பாட்டனார் காலத்து வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோரி வருவோரின் மதிப்பீட்டுத் தாள்களில் பெரும்பாலும் ஒரே வரிசையைக் காண்கிறேன். முதலில் வண்ணப்பூச்சு, அடுத்துப் பொய்க்கூரை, பின்னர் விளக்குகளும் மரச்சாமான்களும். கடைசி வரியில் ‘மேல்தளப் பழுது’. அண்மையில் வந்த ஒரு தம்பதியரின் தாளும் அவ்வாறே இருந்தது. தந்த நிறச் சுவர்கள், பிரம்பு பின்னிய நாற்காலிகள், ஓரமாக ஒரு தேக்கு அலமாரி என அமைதியான கூடம் ஒன்றின் படத்தையும் அவர்கள் காட்டினர். ஆசை நியாயமானதே. ஆயினும் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பி எழுதி வருமாறு கேட்டுக்கொண்டேன்.

புதுச்சேரியின் பழைய நகரைக் கால்வாய் ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டிய கிழக்குப் பகுதியில் உயர்ந்த மதில்களும் உள்தோட்டமும் கொண்ட பிரெஞ்சுப் பாணி வீடுகள். மேற்கே திண்ணை, தாழ்வாரம், நடுமுற்றம் கொண்ட தமிழ் வீடுகள். கீழ்த்தளம் தமிழ் முறையிலும், வளைவுச் சன்னல்களுடன் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகளும் உண்டு. இவை யாவற்றுக்கும் பொதுவான பகை மழைநீர். கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையின்போது இடிந்து விழுந்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அது பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. தனிக் குடும்பத்துக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டாது.

இவ்வீடுகளின் மேல்தளம் பெரும்பாலும் ‘மெட்ராஸ் டெர்ரஸ்’ முறையில் அமைந்தது. தேக்கு உத்திரங்களின் மீது விட்டக் கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. ஓடுகளின் இடுக்கில் இறங்கும் நீர் உத்திரத்தின் சுவருக்குள் புதைந்த முனையைத்தான் முதலில் உளுக்கச் செய்கிறது. அந்த முனை கண்ணுக்குத் தெரிவதில்லை. பொய்க்கூரை போட்டுவிட்டால் உத்திரமே தெரியாமற்போகும். இந்த வீடுகளுக்குப் பொய்க்கூரை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சுவரின் நிலையும் இவ்வாறே. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏறினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். ஒவ்வோர் ஆண்டும் வண்ணம் அடித்தும் சுவர் உரிகிறதே என்று வருந்துவோர் பலர் உண்மையில் அந்த உறையை எதிர்த்தே செலவிடுகின்றனர். சிமெண்டுப் பூச்சை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிப் போதிய காலம் உலரவிட்டு, அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதே தகுந்த முறை. சிறிது மஞ்சள் காவி சேர்த்தால் படத்தில் கண்ட அதே தந்த நிறம் கிடைக்கும். விலையுயர்ந்த வண்ணக் கலவை எதுவும் அதற்குத் தேவையில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். வீட்டுப் பழுதுக் கடன் கட்டடத்தோடு இணைந்த வேலைகளுக்கு உரியது. நாற்காலி, அலமாரி போன்ற அசையும் பொருள்கள் பொதுவாக அதில் அடங்கா. அவற்றுக்குத் தனிநபர் கடன் வாங்கினால் வட்டி கூடுதலாக இருக்கும். பழைய கட்டடத்தின் மதிப்பில் தேய்மானம் கழிக்கப்படுவதால், மதிப்பீட்டாளரின் அறிக்கையில் மனையின் மதிப்பே மேலோங்கி நிற்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். தொகை வேலையின் நிலைக்கேற்பத் தவணைகளில் விடுவிக்கப்படும். வருமான வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய வரி முறையில், தாம் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு கிடைக்கலாம். பழுதுபார்க்கப் பெற்ற கடனுக்கு 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு இல்லை. முழு வட்டிக்கும் கழிவு உண்டு என்று கணக்கிட்டுத் தவணையை உயர்த்திக்கொள்வோர் பின்னர் திணறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆவணங்கள்தாம் மிகுந்த காலத்தை எடுத்துக்கொள்பவை. மேற்சொன்ன தம்பதியரின் வீடு நான்கு உடன்பிறந்தோர்க்குப் பொதுவானது. மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. இங்கு இது வியப்பன்று. அதற்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். வாரிசுச் சான்றிதழும் வில்லங்கச் சான்றும் வேண்டும். வெளியூரில் வாழும் தமக்கை உட்பட அனைவரும் பாகப்பிரிவினையிலோ விடுதலைப் பத்திரத்திலோ கையொப்பமிட வேண்டும். தெருமுகப்பை மாற்றுவதாயின் நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவை. கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

பழைய மரச்சாமான் வாங்குவோர் மெருகைப் பார்க்காமல் அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அது வீட்டு உத்திரத்துக்கும் பரவக்கூடும். மூட்டுகள் ஆடாமலிருந்தால், கிழிந்த பிரம்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதைப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்.

அத்தம்பதியர் புதிய மதிப்பீட்டுடன் ஆறு மாதங்கள் கழித்து வந்தனர். பூச்சைத் திறந்து பார்த்ததில் கூடத்தின் இரண்டு உத்திர முனைகள் உளுத்திருந்தன. பொய்க்கூரையும் விளக்குகளும் தாளிலிருந்து நீங்கியிருந்தன. மரச்சாமான் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரிதான் இருந்தது. பரணில் கிடந்த பாட்டனாரின் சாய்வு நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் கூலி அது. அதைக் கைப்பணத்திலேயே கொடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அந்த வரியையும் அடித்துவிட்டார் அம்மையார்.