குறைந்த செலவில் நிகழ்பட விளையாட்டு உருவாக்கம் கற்றல்

கைபேசியிலும் கணினியிலும் ஆடும் ஆட்டங்களை வடிவமைத்து, நிரல் எழுதி, படமும் ஒலியும் சேர்த்து வெளியிடும் தொழில் நிகழ்பட விளையாட்டு உருவாக்கம் எனப்படும். இந்தியாவில் இத்தொழில் பெரும்பாலும் பெங்களூரு, ஐதராபாத், புனே, மும்பை ஆகிய நகரங்களில் நடக்கிறது. 1997-இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், நாட்டின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்காலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் உண்டு. விளையாட்டு உருவாக்கும் நிறுவனத்தைத் தேடினால் கிடைக்காது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கையில் பணம் அதிகம் இல்லாத ஒருவர் இத்தொழிலை எப்படித் தொடங்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு தெளிவு

"கேம் செய்யப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், பெற்றோருக்கு நினைவுக்கு வருவது இணைய ரம்மிதான். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. பணப்பந்தயம் இல்லாத ஆட்டங்களை உருவாக்குவதற்கு இச்சட்டங்களால் தடையில்லை. வீட்டில் இதை எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

பயிற்சிக் கட்டணம்

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், தாயின் நகையை அடகு வைத்து நகரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். ஓராண்டு முடிவில் அவர் கையில் ஒரு சான்றிதழும், வகுப்பில் அனைவரும் செய்த அதே கார் ஓட்டும் ஆட்டமும் இருந்தன. நேர்காணலில், "நீங்களாகச் செய்தது எது?" என்று மட்டும் கேட்டார்களாம். அவரிடம் பதில் இல்லை. நகையை மீட்க அவர் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குப் போனார்.

பயிற்சி மையங்கள் எல்லாமே பயனற்றவை என்று நான் கூறவில்லை. ஒரு சிறிய ஆட்டத்தையாவது தாமாகச் செய்து முடிக்கும் முன் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஓர் ஆட்டத்தை முடித்த பிறகுதான் தமக்கு வராதது நிரலா, ஓவியமா, ஒலியா என்பது தெரியும். அப்போது அந்தப் பகுதிக்கு மட்டும் பணம் செலவிடலாம்.

கருவிகள்

கோடோ என்பது ஆட்டம் உருவாக்க உதவும் கட்டற்ற மென்பொருள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த இரு நிரலர்கள் தொடங்கிய இது, 2014-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. கட்டணமும் இல்லை, வருவாயில் பங்கும் இல்லை. யூனிட்டி, அன்ரியல் ஆகியவையும் தொடக்க நிலையில் இலவசமே; வருவாய் பெரிய தொகையைத் தாண்டினால்தான் பணம் கேட்கும். ஆனால் அவற்றுக்கு வலிய கணினி வேண்டும். பழைய மடிக்கணினி உள்ளவர்கள் கோடோவில் இருபரிமாண ஆட்டத்தைத் தொடங்கலாம். கணினியே இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்கும் கோடோ பதிப்பு உண்டு. சிறிய திரையில் நிரல் எழுதுவது சிரமம்தான், எனினும் கற்றுக்கொள்ளப் போதும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்களுக்குப் பைத்தான் தெரிந்திருக்கும். கோடோவின் ஜி.டி.ஸ்கிரிப்ட் மொழி பார்ப்பதற்கு அதைப்போலவே இருக்கும். தமிழில் ஆட்டம் செய்ய விரும்புவோர் கோடோவின் நான்காம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுக்க வேண்டும். பழைய மூன்றாம் பதிப்பில் "கொ" போன்ற எழுத்துகள் சிதறித் தெரியும்.

படம் வரைய கிருதா, முப்பரிமாண உருவங்களுக்கு பிளெண்டர், ஒலியைத் திருத்த அடாசிட்டி ஆகியவை இலவசம். வரையத் தெரியாதவர்கள் கென்னி என்ற தளத்திலுள்ள படங்களை எந்த நிபந்தனையும் இன்றிப் பயன்படுத்தலாம். மீரா இனிமை, கவிவனார் முதலிய தமிழ் எழுத்துருக்களும் தாராள உரிமத்தில் கிடைக்கின்றன. இணையத்தில் தேடி எடுத்த படத்தையும் திரைப்படப் பாடலையும் சேர்க்கவே கூடாது. ஆட்டம் கடையிலிருந்து நீக்கப்படும்.

முதல் ஆட்டம்

தொடங்குபவர்களில் பலர் பெரிய போர் ஆட்டத்தைக் கனவு கண்டு, மூன்றாம் மாதத்தில் கைவிடுகிறார்கள். விதிகள் முன்பே தெரிந்த, யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டாத ஆட்டம் ஒன்றை எடுப்பது மேல். ஆடுபுலி ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன்.

அதில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். கட்டத்தை வரைவது எளிது. பின்னர் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் புள்ளி எதனுடன் கோட்டால் இணைகிறது என்று ஓர் அட்டவணை எழுத வேண்டும். புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டுவதற்கு, ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் உள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். "அதே கோடு" என்பது நம் கண்ணுக்கு உடனே தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே புறப்படும் புள்ளி, தாண்டும் புள்ளி, இறங்கும் புள்ளி என மூன்று மூன்றாக இரண்டாவது அட்டவணை ஒன்று வேண்டும். இதைத் தாளில் எழுதிவிட்டுக் கணினியில் உட்காருங்கள்.

ஆடுபவர் விரலை வைத்த இடத்துக்கு எந்தப் புள்ளி அருகில் என்று கண்டுபிடிக்க, ஒன்பதாம் வகுப்பில் படித்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவுச் சூத்திரம் பயன்படும். "இது எதற்கு சார்?" என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு அன்று என்னால் இவ்வளவு நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

எல்லா ஆடுகளையும் இறக்கும் வரை ஆட்டை நகர்த்தக் கூடாது. புலிகள் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் வழக்கத்தையே வைக்கலாம். முதலில் இருவர் ஒரே கைபேசியில் ஆடும்படி செய்து முடியுங்கள். கணினியை எதிராளியாக ஆட வைப்பது அடுத்த படி.

சிறிய ஆட்டத்துக்கும் மதிப்பு உண்டு. கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் உருவாக்கி 2023 சூலையில் வெளியிட்ட "வெண்பா", ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 1980-களில் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம், சிதைந்த சமையல் குறிப்பேடு, இட்லி, பிரியாணி, இவ்வளவுதான் கதை. அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அதற்கு மாறாக, புனேயில் உருவான "ராஜி" என்ற பெரிய ஆட்டத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி 2017-இல் தோற்றது. 2020-இல் அது வெளிவருவதற்குள் நிறுவனர்களில் ஒருவர் தம் வீட்டையே விற்க நேர்ந்தது. நம் பகுதி இளைஞர்கள் பின்பற்ற வேண்டிய வழி அதுவல்ல.

வேலையும் நேரமும்

ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டாம். ஷிப்டு வாரந்தோறும் மாறுவதால் "தினமும் இரவு எட்டு மணிக்கு" என்ற திட்டம் நிற்காது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று கணக்கு வைத்து, விடுமுறை நாளில் நிரலும் புறநகர் ரயிலில் படிப்பும் எனப் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. கோடோவின் கையேட்டை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் படிக்கலாம்.

வெளியிடும் செலவு

இட்ச்.ஐஓ தளத்தில் ஆட்டத்தை வெளியிடக் கட்டணம் இல்லை. முதல் ஆட்டத்துக்கு அதுவே போதும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இணைப்பைக் கொடுக்கலாம். கூகுள் பிளே கடைக்கு வாழ்நாளில் ஒருமுறை 25 டாலர். கணினி ஆட்டங்களுக்கான ஸ்டீம் கடைக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 100 டாலர். ஆட்டம் 1,000 டாலர் ஈட்டினால் அது திரும்பி வரும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் என்பதால் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு ஒரு விதி உண்டு. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் ஆட்டத்தைச் சோதித்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இதற்கு ஆள் பிடித்துத் தருவதாகப் பணம் கேட்பவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். உடன் வேலை செய்பவர்களில் ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் பதினைந்து பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், இடையில் இருவர் நீக்கிவிட்டாலும் கணக்குக் குறையாது.