ஆப்பிள் வேர்ப்பட்டையும் சிறுநீரகப் பாதுகாப்பும்

நீரிழிவு செல்வர்களுக்கே உரிய நோய் என்றிருந்த எண்ணம் பொய்யாகி நெடுநாளாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளதென மதிப்பிட்டது. தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களும் இக்கணக்கிற்குப் புறம்பானவர்கள் அல்லர்.

இந்நோயில் அஞ்சத்தக்கது இரத்தத்தில் சர்க்கரை மிகுவது மட்டுமன்று. அது ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம், கண், இருதயம், நரம்பு ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கெடுப்பதேயாகும். சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை இயந்திரத்தின் துணைகொண்டு இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அந்நாட்களில் தறி ஓடாது. வயலில் வேலை நடவாது. சிக்கனமாய்ச் சேர்த்த சேமிப்பும் கரைந்துபோகும்.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் ஒரு வினாவை அடிக்கடி எழுப்புகின்றனர். மூலிகை இருக்க மாத்திரை எதற்கு என்பதே அவ்வினா. இதற்கு விடை காண, ஒரு மரப்பட்டையின் வரலாற்றை அறிதல் நலம்.

1835-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு இரசாயன நிபுணர்களான டி கோனிங்கும் ஸ்டாசும் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். ஃப்ளோரிசின் என்பது அதன் பெயர். சின்கோனாப் பட்டையைப் போன்று கசந்தமையால் இது காய்ச்சலுக்கு மருந்தாகலாம் எனக் கருதப்பட்டது. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங், இதனை உட்செலுத்தினால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்று அறிவித்தார்.

இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. நமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரை உண்டு. நல்ல உடலில் அவ்வளவும் இரத்தத்திற்கே மீட்கப்படுகிறது. மீட்கும் வாயில்களை ஃப்ளோரிசின் அடைத்துவிடுவதால், மிகுதிச் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இதனைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததென 1987-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது.

எனினும் பட்டைச்சத்து அவ்வாறே மருந்தாகிவிடவில்லை. வாய்வழி உட்கொண்டால் அது குடலிலேயே சிதைந்துவிடும். குடலின் வாயில்களையும் அடைத்து வயிற்றுப்போக்கை விளைவிக்கும். ஆகவே நிபுணர்கள் அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, குடலில் சிதையாததும், பெரும்பாலும் சிறுநீரக வாயிலையே அடைப்பதுமான புதிய மருந்துகளை ஆக்கினர். டாபாகிளிஃப்ளோசின் 2012-இல் ஐரோப்பாவிலும், கானாகிளிஃப்ளோசின் 2013-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன.

இவற்றின் பெருநன்மை சர்க்கரையைக் குறைப்பதோடு நின்றுவிடவில்லை. சிறுநீரக நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் உடைய 4,401 பேரிடம் நிகழ்ந்து 2019-இல் வெளியான சோதனையில், கானாகிளிஃப்ளோசின் உண்டவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு முதலிய பெருந்தீங்குகள் நேரும் வாய்ப்பு 30 சதவீதம் குறைந்தது. வரத்து மிகுந்த வாய்க்காலின் தலைமதகைச் சற்றுத் தாழ்த்தினால் கரை பிழைப்பதை விவசாய அன்பர்கள் அறிவர். அதுபோன்றே இம்மருந்து சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் அழுத்தத்தைத் தணித்து அவற்றைக் காக்கிறது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் முடிவுற்றபின் பல கம்பெனிகள் அதனைத் தயாரிக்க, விலையும் பெரிதும் இறங்கியது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் யாது? தாவரத்தை இகழ்தல் தகாது. உறுப்புகளைக் காக்கும் மருந்திற்கு வழிகாட்டியது ஒரு மரமேயன்றோ? ஆயினும் பட்டை மருந்தாவதற்குள் ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று. அளவு, தூய்மை, தீங்கு ஆகியவை நிறுத்துப் பார்க்கப்பட்டன. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாவில் இனிப்புச் சுவை மறைவது உண்மை. மஞ்சளிலுள்ள குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும் இயல்புடையதாக ஆய்வுக்கூடங்களில் காணப்படுவதும் உண்மை; ஆனால் உண்ட மஞ்சளிலிருந்து அது மிகச் சிறிதே இரத்தத்தில் சேர்கிறது. இவற்றை உணவாகக் கொள்வதில் குறையில்லை. இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவதே கேடு. பெயரும் அளவும் குறிக்காது விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் ஆங்கில மருந்தே கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. நெம்பர் தெரியாத நூலைச் சங்கம் வாங்குமா? வாங்காதன்றோ! உடலுக்குள் செல்லும் பொருளில் மட்டும் அச்சோதனையைக் கைவிடுவானேன்?

புதிய மாத்திரைகளும் எல்லோர்க்கும் பொருந்துவன அல்ல. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று நேரலாம். வாந்தி, பட்டினி ஆகிய காலங்களில் ஆபத்தும் உண்டு. டாக்டரின் யோசனையின்றித் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில. நீரிழிவுடையோர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் சிறுநீரில் புரதம் உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். கண்ணையும் பரிசோதித்தல் வேண்டும். குழித்தறியில் மிதி மிதிப்போரும் சேற்றில் இறங்குவோரும் இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்தல் அவசியம்; உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் தெரியாது. சங்கங்களும் பொதுப்பேரவை கூடும் நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். கடன் தவணையை நினைவூட்டும் சங்கம், அங்கத்தினரின் உடல்நிலையையும் நினைவூட்டுதல் கூட்டுறவின் கடமையேயாகும்.