வெப்பத்தை மறைக்கலாம், அழிக்க முடியாது!

இருள் படைவீரனுக்கு அரணாக இருந்த காலம் முடிந்துவிட்டது. உடலோ எந்திரமோ, எப்பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கதிர்களை இடைவிடாது வெளியிடுகிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த இக்கதிர்களைப் படம்பிடிக்கும் கருவி, இன்று கைப்பேசியில் பொருத்தும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. காணும் கருவி மலிவாக ஆக, மறைந்துகொள்வதற்கான செலவு கூடுகிறது. வெப்ப அடையாளத்தை மறைக்கும் பூச்சுகள் குறித்த ஆய்வுகள் பெருகி வருவதன் காரணம் இதுவே.

காற்று மண்டலம் எல்லா அகச்சிவப்புக் கதிர்களையும் கடந்துபோக விடுவதில்லை. 3 முதல் 5 மைக்ரான், 8 முதல் 14 மைக்ரான் ஆகிய இரு அலைநீள வரம்புகளே தொலைவிலிருந்து பார்க்கப் பெரிதும் பயன்படும் சாளரங்கள். ஒரு பரப்பு எவ்வளவு கதிர்வீச்சை வெளியிடும் என்பதை அதன் வெப்பநிலையும் உமிழ்திறனும் முடிவு செய்கின்றன. சாதாரண வண்ணப்பூச்சின் உமிழ்திறன் சுமார் 0.9, மெருகேற்றிய அலுமினியத்துக்கு அது 0.1-க்கும் குறைவு.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சுற்றுப்புறம் 27 டிகிரி செல்சியஸ். அதில் நிற்கும் பீரங்கி வண்டியின் மேற்பரப்பு 57 டிகிரி. கெல்வின் அளவில் இவை 300, 330. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொருத்தது என்பதால், வண்டி 46 சதவீதம் கூடுதலாக ஒளிர்கிறது. பட்டுத் தெறிக்கும் கதிர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் உமிழ்திறனை 0.9-லிருந்து சுமார் 0.6-ஆகக் குறைத்தாலே இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அதற்கு அலுமினியத் துகள் கலந்த பூச்சு போதாதா? போதாது. அது வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். ரேடார் அலைகளையும் திருப்பி அனுப்பும். இங்குதான் மின்கடத்தும் பாலிமர்கள் நுழைகின்றன. கார்பன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி அமைந்த சங்கிலிகள் இவை. அயோடின் சேர்த்தால் பாலிஅசிட்டிலீனின் கடத்துதிறன் பன்மடங்கு உயர்வதை 1977-இல் ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் ஆகியோர் காட்டினர். 2000-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றனர். இத்தகைய சங்கிலியில் உலோக அணுக்களைப் பிணைத்தால், அவற்றின் எலெக்ட்ரான்களும் சங்கிலியின் எலெக்ட்ரான்களோடு உறவாடுகின்றன. எந்த அலைநீளத்தை உட்கவர்வது என்பதை வேதியியலாளர் வடிவமைக்க முடிகிறது. சிறு மின்னழுத்தம் கொடுத்து அப்பண்பை மாற்றக்கூடிய பாலிமர்களும் உண்டு.

ஆனால், வரவு செலவில் விடுபட்ட ஒரு பதிவு இருக்கிறது. பூச்சு வெப்பத்தை அழிப்பதில்லை; வெளியேறும் வழியையே அடைக்கிறது. உள்ளே தேங்கும் வெப்பம் மேற்பரப்பை மேலும் சூடாக்கி, மறைப்பின் பயனைக் குறைக்கும். எனவே, இரு சாளரங்களிலும் உமிழ்வைக் குறைத்து, இடையிலுள்ள 5 முதல் 8 மைக்ரான் வரம்பில் வெப்பத்தை வெளியேற்றும் பூச்சே சிறந்தது. உமிழ்திறனை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் ஆபத்துதான்: தெளிந்த இரவில் குளிர்ந்த வானத்தைப் பிரதிபலித்து, வண்டி கரும்புள்ளியாகத் தெரியும். ஈரப்பதம், ஆக்ஸிஜன், வெயில் ஆகியவை இத்தகைய பாலிமர்கள் பலவற்றைச் சிதைக்கின்றன. படியும் சேறோ அதிக உமிழ்திறன் கொண்டது. ஒரு மெல்லிய படலமே பூச்சின் பயனைப் போக்கிவிடும்.

ஜோத்பூரில் உள்ள பாதுகாப்பு ஆய்வகம் போன்ற நம் அமைப்புகளும் உருமறைப்பு ஆய்வில் ஈடுபட்டுள்ளன. பாதுகாப்புத் துறையில் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுச் சொல்லத் திறந்த சந்தை இல்லை. ஆகவே வாங்குபவரின் கேள்விகளே சந்தையின் வேலையைச் செய்ய வேண்டும். தேங்கும் வெப்பம் எங்கே போகிறது? பாலைவன வெயிலிலும் பருவமழையிலும் எத்தனை மாதம் தாங்கும்? புழுதி படிந்த பின் உமிழ்திறன் எவ்வளவு? ஆய்வுக்கூடத்துச் சிறு தகட்டில் எடுத்த அளவீடு இவற்றுக்கு விடையாகாது.

இந்த அறிவு போர்க்களத்தோடு நிற்பதுமில்லை. மெல்லிய வெள்ளிப் படலம் பூசிய ஜன்னல் கண்ணாடி, அறைக்குள் வெப்பம் புகுவதைக் குறைத்து மின்செலவை மிச்சப்படுத்துவது இதே உமிழ்திறன் தத்துவத்தால்தான். அடிப்படை ஆய்வுக்குச் செலவிடும் பணம் இரு துறைகளிலும் பலன் தரும். பரிசோதிக்காமல் வாங்கும் பூச்சுக்கு மட்டும், அதை நம்பிக் களத்தில் நிற்கும் வீரன் தன் உயிரால் விலை கொடுக்க நேரும்.