கண்ணா இலையின் உப்பும் உங்கள் வயலும்

கமக்காரர்களே,

மட்டக்களப்பு வாவிக் கரையில் வளரும் கண்ணா மரத்தின் இலையை மழையற்ற வெயில் நாளிற் பறித்து உற்று நோக்குங்கள். அதன்மீது வெண்ணிறத் துகள்கள் படிந்திருக்கும். நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அது பெரும்பாலும் அவ்விலையே வெளியேற்றிய உப்பாகும்.

கண்ணாவின் வேர் நீரிலுள்ள உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றது. எஞ்சிய உப்பு நீருடன் இலைக்கு ஏறுகின்றது. அதனை வெளியேற்றுதற்கு, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத உப்புச் சுரப்பிகள் இலையில் உள்ளன. ஒரு சுரப்பியின் அடியில் 2 முதல் 4 வரையான சேர்க்குங் கலங்களும், நடுவே ஒரு காம்புக் கலமும், மேலே 8 முதல் 12 வரையான சுரக்குங் கலங்களும் அமைந்துள்ளன. சுரக்குங் கலங்கள் சுவாசத்தாற் பெற்ற சக்தியைச் செலவிட்டுச் சோடியம், குளோரைட்டு ஆகிய அயன்களை வெளியே தள்ளுகின்றன. காம்புக் கலத்தின் பக்கச் சுவர்கள் நீர் ஊடுருவாதவை. ஆதலால் வெளியேறிய உப்பு மீண்டும் இலைக்குட் புகுவதில்லை. கசிந்த உப்புநீர் வெயிலில் வற்ற, உப்பு மாத்திரம் எஞ்சுகின்றது.

நெல்லுக்கோ இவ்வாறு உப்பை வெளியேற்ற வல்ல சுரப்பி இல்லை. விடியற்காலையில் நெல்லிலையின் நுனியில் நீர்த்துளி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது நீர்த்துளை வழியே வெளிப்படும் நீர். அதனால் பயிரின் உப்புத் தீராது. உப்பு முதிர்ந்த இலைகளிற் சேர, நுனி வெளிறிக் காயும். பூக்குங் காலத்தில் உப்பு மிகுந்தால் கதிர் பதராகும்.

ஆகவே, கண்ணா பசுமையாய்த் தழைத்திருப்பதைக் கண்டு அந்நிலம் நெல்லுக்கும் ஏற்றதென எண்ணி மரத்தை வெட்டாதீர்கள். வெட்டினால் கரையின் காவலும் போகும், விதைநெல்லும் போகும்.

வாவியை அடுத்து ஏற்கெனவே பயிர் செய்வோர் கவனிக்க வேண்டியவை:

1. மாரி வெள்ளத்தால் வாவியின் உவர் குறையும். கோடையில் மீண்டும் ஏறும். சிறுபோகத்தில் வாவி நீரை வயலுக்கு இறைக்காதீர்கள். இளம்பயிர்ப் பருவமும் பூக்கும் பருவமும் உப்பினால் மிகவும் தாக்கப்படுவன.

2. பெரும்போக மழைநீரை வரம்பு கட்டித் தேக்கி, உப்புக் கரைந்தபின் வடித்துவிடுங்கள். வயல் காய்ந்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும்.

3. உவர் வயலுக்கு ஏ.ரி. 354 போன்ற, உவரைத் தாங்கும் நெல்லினத்தைத் தெரிவு செய்யுங்கள்.

4. மிளகாய், வெங்காயம், கத்தரி ஆகியன உப்பை எளிதில் தாங்கா. எழுவான்கரை மணற்பகுதிக் கிணறுகளில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நெடுநேரம் இறைத்தால் உவர்நீர் மேலேறும். இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறையுங்கள். பாத்தியை வைக்கோலால் மூடி ஈரம் காத்திடுங்கள்.

விதைக்குமுன் மண்ணையும் நீரையும் சோதிப்பித்தற்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். ஒரு போக விதைநெல்லை இழப்பதிலும் ஒருபிடி மண்ணைச் சோதிப்பது எளிது.