நத்தமேட்டுக்கு அடியில் என்ன மண்?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு வேகவதி மழைக்காலத்தில் மட்டும் நினைவுக்கு வரும் ஆறு. தொல்லியலாளர்களுக்கோ, ஓர் ஆறு இப்போது எங்கே ஓடுகிறது என்பதைவிட முன்பு எங்கே ஓடியது என்பதே முதல் கேள்வி. பாலாறு ஒரு காலத்தில் வடக்கே, கொற்றலையாற்றுத் தடத்தில் ஓடியது என்று புவியியலாளர்கள் சொல்வதுண்டு. கொற்றலையாற்றுக்கே ‘விருத்த க்ஷீர நதி’, அதாவது கிழப் பாலாறு, என்றொரு பெயர் உண்டு.

ஆற்றோரம் வேண்டும், வெள்ளமும் எட்டக் கூடாது. அப்படிப்பட்ட மேட்டைப் பார்த்துத்தான் குடியேறினார்கள். இடிந்த வீட்டின் மேலேயே அடுத்த வீடு. சாம்பல், சாணம், உடைந்த பானை எல்லாம் சேரச் சேரத் தரை உயரும். ஆற்று வண்டல் சலித்தெடுத்தது போலச் சீராக இருக்கும். குடியிருப்பு மண்ணோ சாம்பல் பூத்து, கையில் எடுத்தால் பொடியும்; கரித்துண்டும் ஓட்டாஞ்சில்லும் விரலில் நெருடும். ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிய மேட்டின் பெயர் நத்தமேடு. நத்தம் என்றாலே குடியிருப்பு நிலம். துப்பு பெயரிலேயே இருந்தது! செங்கல் கட்டுமானம், ரோமானியச் சாடி ஓடுகள், கற்கருவிகள் என்று பல காலத்துத் தடயங்கள் அங்கே கிடைத்தன.

மண்ணைத் தவறாகப் படிப்பதும் உண்டு. கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இலேயே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்கே அடியில் இருந்த ஏடு ஏடான களிமண்ணை, டைனோசர் காலத்துப் படிவம் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். அப்படியானால் அதற்குள் மனிதத் தடயம் இருக்க வாய்ப்பே இல்லை. 1999 முதல் அங்கே அகழ்ந்த சாந்தி பப்புவின் குழு, அந்தக் களிமண்ணுக்குள்ளிருந்தே கைக்கோடரிகளை எடுத்தது.

வயதைச் சொன்னதும் புதைவுதான். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழத்தில் புதைந்ததும் அந்த வரத்து நின்றுபோய், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சமுள்ள விகிதம், கல் புதைந்து எத்தனை காலம் என்பதைக் காட்டும். 2011-இல் வந்த முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள், எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்கு மேல்.

இதெல்லாம் மண் இருந்த இடத்தில் இருந்தால்தான். மனை நிரவக் கொட்டிய சவுட்டில் ஒரு கருப்பு-சிவப்புப் பானை ஓடு கிடைத்தால், அது எந்த ஊர் மேடு, எந்த அடுக்கு என்று டிராக்டர் ஓட்டி வந்தவரைத்தான் கேட்க வேண்டும்.