ஆற்றுக்கு மேலா, ஆற்றுக்கு அடியிலா?

சாலையும் ஆறும் – 7

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிறவர்கள் முருங்கப்பாக்கம் தாண்டியதும் அரியாங்குப்பம் ஆற்றைக் கடக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில், நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாறு. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணை கடந்து, வில்லியனூர் வழியே வரும் சங்கராபரணி கடலைச் சேருமுன் இப்படிக் கிளை பிரிகிறது. இன்னும் தெற்கே போனால் தென்பெண்ணை. இத்தனை நீரையும் நெடுஞ்சாலை பாலங்களின் மேல்தான் தாண்டுகிறது.

2024 மார்ச்சில் கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் தென்பெண்ணையில் ஒரு புதுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும்: நாமும் ஆற்றுக்கு அடியில் சாலை போட்டால் என்ன?

சுரங்கம் எங்கே வெல்கிறது?

ராட்டர்டாம் நகரம் மாஸ் ஆற்றைக் கடக்கப் பாலமா சுரங்கமா என்று நெடுநாள் விவாதித்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் கீழே போக வேண்டுமானால் பாலம் மிக உயரமாக எழ வேண்டும். அதற்கு ஏறும் சாலை நகருக்குள் வெகுதூரம் நீளும். எனவே சுரங்கம் வென்றது. கான்கிரீட் பெட்டிகளை வார்த்து, மிதக்கவிட்டு, ஆற்றுப்படுகையில் தோண்டிய பள்ளத்தில் இறக்கி இணைத்தார்கள். 1942இல் அது திறக்கப்பட்டது. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் வழி 2000இல் வந்தது. கோபன்ஹேகன் விமான நிலையத்தின் அருகே உயரமான கோபுரங்கள் எழக்கூடாது. கப்பல் வழியும் மறிக்கப்படக்கூடாது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் சுரங்கம், மீதி பாலம். கொல்கத்தாவிலோ இரு கரையிலும் ரயில் ஏற்கெனவே நிலத்தடியில்தான் ஓடுகிறது; நடுவிலுள்ள 520 மீட்டர் ஆற்றுக்காக மேலே ஏறி இறங்குவதில் பொருளில்லை.

சுண்ணாம்பாற்றில் கப்பல் வருவதில்லை. உல்லாசப் படகும் மீன்பிடிப் படகும் தாழ்வான பாலத்தின் கீழேயே போய்விடும்.

ஆழத்தின் விலை

துளையிட்டுச் செல்லும் சுரங்கத்தின் மேல் ஏறக்குறைய அதன் விட்டத்தின் அளவுக்கு மண் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலத்தடி நீரே குழாயை மேலே தூக்கிவிடும். இருவழிச் சாலைக் குழாய் ஒன்றுக்கே சாலை 25 மீட்டர் ஆழம் இறங்க வேண்டிவரும். லாரிகள் திணறாமல் ஏற, நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் சரிவு என்று வைத்தால், கரைக்கு 625 மீட்டர். சில நூறு மீட்டர் ஆற்றைத் தாண்ட, ஒன்றரை கிலோமீட்டர் தரைக்குக் கீழே!

காற்றோட்டம், நீரிறைப்பு, தீயணைப்பு, மின்சாரம் எல்லாம் சுரங்கம் இருக்கும்வரை இரவும் பகலும் இயங்க வேண்டும். கடலூர் சிப்காட்டின் ரசாயன லாரிகள் ஓடும் தடம் இது. அத்தகைய சரக்கை உலகின் பல சுரங்கங்கள் அனுமதிப்பதே இல்லை. 2024 இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான இந்தக் கரையில் சுரங்கத்தின் வாயை அந்த வெள்ளத்துக்கு மேலே நிறுத்துவதே பெரும்பாடு. நிலத்தடி நீரும் எச்சரிக்கிறது: அதே கொல்கத்தா திட்டத்தில், ஆற்றுக்கு அப்பால் பவ்பஜாரில், 2019 ஆகஸ்ட் 31 அன்று துளையிடும் இயந்திரம் நீர் நிறைந்த மண்ணைத் தொட்டது. மேலே இருந்த வீடுகள் சரிந்தன.

பாலம் ஏன் விழுகிறது?

எனவே பாலம்தான். ஆனால் எப்படிப்பட்ட பாலம்? முதலில் சொன்ன தென்பெண்ணைப் பாலத்தையே பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்த அந்த 16 கோடி ரூபாய் பாலம், திறந்து மூன்றே மாதத்தில் போனது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்ட நேரம் அது. கணக்கிட்டதைவிட மிக அதிக வெள்ளம் வந்தது என்பது அரசின் விளக்கம். கணக்கையே மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

வெள்ளம் பெரும்பாலும் பாலத்தை மேலிருந்து தாக்குவதில்லை. தூணைச் சுற்றிச் சுழன்று, அடிமண்ணைப் பறிக்கிறது. தூண்களுக்கு இடையே நீர் போகும் கண்களைக் குறைத்துக் கட்டினால் நீரின் வேகம் கூடி, அரிப்பும் கூடும். பாலத்தின் இரு முனையிலும் போடும் மண்மேட்டுச் சாலை, கரை தாண்டிப் பரவும் வெள்ளத்தை மறித்து ஊருக்குள் தள்ளும்.

சுரங்கம் வேண்டாம் என்பதால் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கையாவது இங்கே செலவிட வேண்டும்: கூடுதல் கண்கள், ஆழமான அடித்தளம், மண்மேட்டுக்குப் பதிலாகத் தூண்மேல் அணுகுசாலை. அடுத்த பாலத்துக்கு அடிக்கல் நாட்டும்போது அதன் நீளத்தையும் செலவையும் மட்டும் அறிவித்தால் போதாது. எத்தனை கனஅடி வெள்ளத்துக்குக் கட்டுகிறார்கள், அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று கணித்திருக்கிறார்கள், வெள்ளம் பரவும் அகலத்தில் எவ்வளவை மறிக்கிறார்கள் என்ற மூன்று எண்களும் கல்வெட்டிலேயே இருக்கட்டும். பாகூரிலும் வில்லியனூரிலும் வெள்ளத்தில் நின்ற மக்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: அரியாங்குப்பம் கழிமுகத்தில் 1989இல் எழுந்த அலைத்தடுப்புச் சுவர்கள் புதுச்சேரிக் கடற்கரையை என்ன செய்தன?